சாங்டேவின் வேகம் என்றைக்கும் இருந்தது, மாறியது என்ன?

கேட்கப்பட்ட கேள்வி இது: "சென்னையின் எஃப்சியில் ஆடிய காலத்தில் லாலியன்சுவாலா சாங்டே கோல் வாய்ப்புகளைத் தவறவிடுவதைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். அதே ஆள் மும்பைக்குப் போனதும் இந்தியாவின் சிறந்த ஆட்டக்காரர் ஆகிவிட்டார். நாம்தான் அவரை வீணாக்கினோமா? என் தம்பி பள்ளி அணியில் விங்கராக (ஓரத்தில் நின்று தாக்குபவனாக) ஆடுகிறான். சாங்டேவிடம் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லலாம்?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். சென்னை அவரை வீணாக்கவில்லை. ஆனால் கடைசி ஒன்றரை ஆண்டு அவரிடம் கேட்ட வேலை தப்பான வேலை. மும்பை வேறு வேலை கொடுத்தது. கால் அதே கால்தான், வேகமும் அதே வேகம்தான். பந்து அவரிடம் வந்து சேரும் இடம் மட்டும் கோலுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது. இதைப் புரிந்துகொள்ளக் கதையை ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தச் சிக்கல் சென்னையில் தொடங்கியது இல்லை.

சாங்டே 1997 ஜூன் 8 அன்று மிசோரமின் தென்பகுதியில் உள்ள லுங்லேயில் பிறந்தவர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மிசோரம் முழுவதிலும் சேர்த்து சுமார் 11 லட்சம் பேர்தான். அவ்வளவு சின்ன மாநிலத்திலிருந்து ஜெஜே லால்பெக்லுவா, அபுயா, சாங்டே என்று தேசிய அணிக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். 2017இல் அந்த மாநிலத்தின் ஐஸால் எஃப்சி ஐ-லீக் என்ற தேசிய லீக்கின் கோப்பையையே தூக்கியது. கால்பந்து அங்கே மாலை நேரத்து வழக்கம். சாங்டே அங்கிருந்து கிளம்பி, புனேயில் டிஎஸ்கே சிவாஜியன்ஸ் கிளப் இங்கிலாந்தின் லிவர்பூலுடன் சேர்ந்து நடத்திய அகாடமியில் வளர்ந்தார்.

2015 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் தெற்காசியக் கோப்பை. சாங்டேவுக்கு வயது 18. அப்போதைய பயிற்சியாளர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் அவரை அணியில் சேர்த்திருந்தார். நேபாளத்துக்கு எதிரான ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கி, கடைசி பத்து நிமிடத்துக்குள் இரண்டு கோல் அடித்தார். இந்தியா 4-1 என்று ஜெயித்தது, அப்புறம் கோப்பையையும் வென்றது. ஒரு பையன் மேலே எதிர்பார்ப்பை ஏற்றிவைக்க இதைவிட என்ன வேண்டும்? அன்றிலிருந்து அவரைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: வேகம்.

அந்த வார்த்தை அவருக்கு உதவியது, இடைஞ்சலும் செய்தது. வேகமான பையன் கிடைத்தால் பயிற்சியாளர்கள் என்ன செய்வார்கள்? எதிரணி களைத்த பிறகு, எழுபதாவது நிமிடத்தில் இறக்கிவிட்டு, தடுப்பாட்டக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் பந்தைத் தூக்கிப் போட்டு "ஓடு" என்பார்கள். ஓடவும் செய்வான். ஓடி முடித்த இடத்தில் என்ன செய்வது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித்தர மாட்டார்கள். 2016இல் நார்த்ஈஸ்ட் யுனைடெடுக்குக் கடனாகப் போன சாங்டேவுக்குக் களத்தில் கிடைத்த நேரம் மிகக் கொஞ்சம். 2017இல் டிஎஸ்கே சிவாஜியன்ஸ் அணியே ஐ-லீக்கில் இல்லாமல் போயிற்று. அந்த ஆண்டு டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், டெல்லி டைனமோஸ் அவரை எடுத்தது. அங்கேதான் முதன்முறையாக வாராவாரம் ஆடினார். இரண்டு சீசனில் மிகெல் ஏஞ்சல் போர்ச்சுகல், ஜோசப் கோம்பாவ் என்று இரண்டு ஸ்பானியப் பயிற்சியாளர்கள். பந்தைக் காலில் வைத்து ஆடும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. இடையில் நார்வேயின் வைகிங் கிளப்பில் சோதனைப் பயிற்சிக்கும் போய்வந்தார். ஒப்பந்தம் அமையவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்தியாவில் விங்கர்கள் நிறைய, ஸ்ட்ரைக்கர்கள் அரிது. இதற்குக் காரணம் நம் பையன்களின் உடல்வாகு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) அணிகள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கான இடங்களை எங்கே செலவழிக்கின்றன என்று பாருங்கள். ஸ்ட்ரைக்கர், அவருக்குப் பின்னால் ஆடும் பத்தாம் எண், நடுக்களத்தில் ஒருவர், தடுப்பில் நடுவே ஒருவர். ஆட்டத்தின் முதுகெலும்பு முழுக்க வெளிநாட்டவர். மிச்சம் இருப்பது இரண்டு ஓரங்கள். ஆகவே தாக்குதல் குணம் உள்ள இந்தியப் பையன் யாராக இருந்தாலும் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறான். கோல் அடிப்பது அவன் வேலை இல்லை, கோல் அடிப்பவருக்குப் பந்து கொடுப்பதே அவன் வேலை என்று பதினேழு வயதிலேயே மனதில் பதிந்துவிடுகிறது. 2021-22 சீசனிலிருந்து ஒரே நேரத்தில் களத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் நிற்கலாம் என்று விதி மாறியது. அது கொஞ்சம் கதவைத் திறந்தது. சாங்டே சரியாக அந்தக் காலத்தில்தான் மலர்ந்தார் என்பதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

சரி, சென்னைக்கு வருவோம். 2019-20 சீசன். ஜான் கிரிகரி பயிற்சியில் முதல் நான்கு ஆட்டங்களில் சென்னையின் எஃப்சி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. நேரு ஸ்டேடியத்தில் அந்தத் தொடக்க ஆட்டங்களில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும், பந்து நடுக்கோட்டைத் தாண்டினாலே கைதட்டல் எழும் நிலைமை. டிசம்பரில் ஓவன் காய்ல் வந்தார். ஆட்களை மாற்றவில்லை, வரிசையை மாற்றினார். ரஃபேல் கிரிவெல்லாரோ பந்தை வாங்கித் திரும்புவார், நெரியஸ் வால்ஸ்கிஸ் இரண்டு தடுப்பாட்டக்காரர்களைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போவார், அந்த இடைவெளியில் சாங்டே நுழைவார். அந்த சீசனில் சாங்டே அடித்தது 7 கோல். அரையிறுதியில் எஃப்சி கோவாவுக்கு எதிராக இரண்டு ஆட்டங்களிலும் கோல் அடித்தார். முதல் ஆட்டம் சென்னையில் 4-1, இரண்டாவது கோவாவில் 2-4. மொத்தம் 6-5 என்று சென்னை இறுதிக்குப் போனது. 2020 மார்ச் 14 அன்று மட்கானில், கொரோனாவால் பார்வையாளரே இல்லாத மைதானத்தில், ஏடிகே 3-1 என்று கோப்பையை எடுத்துக்கொண்டது.

ஆகவே நீங்கள் பல்லைக் கடித்தது இந்த ஆண்டில் இல்லை, அடுத்த ஆண்டில். இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அடுத்த இரண்டு சீசன்களும் கோவாவில் பூட்டிய மைதானங்களில் நடந்தன. சென்னை ரசிகர்கள் சாங்டேவை நம் ஊர் அணியின் சட்டையில் நேரில் பார்த்தது அந்த ஒரே சீசன்தான். மற்றதெல்லாம் டிவியில். டிவியில் கோலைத் தவறவிடுவதுதான் நெருக்கத்தில் திரும்பத் திரும்பக் காட்டப்படும். அதற்கு முன்னால் அவர் ஓடிய ஐம்பது மீட்டர் காட்டப்படாது.

அந்த ஐம்பது மீட்டர்தான் விஷயமே. 2020இல் காய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், வால்ஸ்கிஸையும் கூட்டிக்கொண்டு போனார். சென்னைக்குச் சாபா லாஸ்லோ வந்தார். சீசன் பாதிக்குள் கிரிவெல்லாரோ காயத்தில் விழுந்தார். பந்தைக் கொண்டுவந்து தரும் ஆளும் இல்லை, தடுப்பாட்டக்காரர்களை இழுத்துப் போகும் ஆளும் இல்லை. 20 ஆட்டங்களில் அணி மொத்தமாக அடித்ததே 17 கோல். எட்டாவது இடம். அப்படிப்பட்ட அணியில் விங்கர் பந்தை எங்கே வாங்குவார்? தன் பாதியில். அங்கிருந்து ஒரு ஃபுல்பேக்கை (ஓரத்துத் தடுப்பாட்டக்காரரை) தாண்டி, இன்னொருவரோடு தோள் மோதி, கோலுக்கு முன்னால் இருக்கும் பாக்ஸ் வரை தானே தூக்கிக்கொண்டு ஓடி, அங்கே கோல்கீப்பருக்கு எதிரே நின்று நிதானமாக மூலையைப் பார்த்து அடிக்க வேண்டும்.

ஐம்பது மீட்டர் முழு வேகத்தில் ஓடி வந்து பந்தை அடித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மூச்சு மேலே ஏறியிருக்கும். ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில் விழாமல் ஒரு சாண் பின்னால் விழும். உடம்பு பின்பக்கம் சாயும். பந்து மேலே எழும்பிக் கம்பத்துக்கு மேலே போகும். அல்லது அவசரத்தில் கீப்பரின் கைக்கே நேராகப் போகும். பார்க்கிறவர் "இவனுக்கு அடிக்கவே தெரியாது" என்பார். உண்மையில் அடிக்கும் நேரத்தில் அவர் காலில் மிச்சம் எதுவும் இருக்காது. சாங்டே அந்த ஆண்டு தவறவிட்ட வாய்ப்புகளில் பல இந்த ரகம். எல்லாமே என்று சொல்ல மாட்டேன். நிதானமாகக் கொடுத்திருக்க வேண்டிய பந்தைத் தானே அடித்துக் கெடுத்ததும் உண்டு, அது அவருடைய தப்புதான்.

2022 ஜனவரியில் அவர் மும்பை சிட்டிக்குப் போனார். அந்த அணியைத் தெரிந்தவர்களுக்கு அதன் அடையாளம் என்ன என்று தெரியும்: பந்து எப்போதும் அவர்களிடம். டெஸ் பக்கிங்ஹாம் பயிற்சியாளர். நடுவில் அகமது ஜாஹூ, அபுயா. முன்னால் கிரெக் ஸ்டீவர்ட், ஹோர்கே பெரேரா டியாஸ். இடது ஓரம் பிபின் சிங், வலது ஓரம் சாங்டே. எதிரணி முழுக்கத் தன் பாக்ஸ் பக்கம் ஒடுங்கிவிடும். அந்த நிலையில் விங்கர் ஓட வேண்டியது பத்து மீட்டர், பதினைந்து மீட்டர். பந்து வரும்போது கோல் கண்ணுக்கு எதிரே இருக்கும், மூச்சும் மிச்சமிருக்கும்.

இன்னொரு மாற்றமும் அங்கே நிலைத்தது. சாங்டே இடதுகால்காரர். ஆரம்ப ஆண்டுகளில் அவரைப் பெரும்பாலும் இடது ஓரத்தில்தான் பார்த்தோம். இடதுகால்காரர் இடது ஓரத்தில் நின்றால் அவர் கால் அவரைக் கோட்டுப் பக்கமாகவே கூட்டிக்கொண்டு போகும். கடைசியில் கோல் பக்கமாகக் குறுக்கே அனுப்பும் ஒரு கிராஸ், அவ்வளவுதான். அதே ஆளை வலது ஓரத்தில் நிறுத்தினால் ஒவ்வொரு தடவையும் உள்பக்கம் வெட்டத் தோன்றும். பந்து இடது காலுக்கு வரும், உடம்பு கோலைப் பார்த்துத் திறக்கும், தூரத்து மூலை முழுவதுமாகத் தெரியும். ஃபுல்பேக்கும் தடுமாறுவார்: உள்ளே விட்டால் அடிப்பார், உள்ளே அடைத்தால் வெளிப்பக்கம் வேகத்தில் பறப்பார். முன்பு அவரிடம் இருந்த வேகம் ஒரே வழியில் ஓடிய வேகம். இப்போது இரண்டு வழி. (நம் சென்னைப் பையன் நந்தகுமார் சேகரைப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 12 டூரண்ட் கோப்பையில், ஒரே ஊர் அணிகள் மோதும் கொல்கத்தா டெர்பியில், மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்கு அவர் அடித்த ஒரே கோலும் ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து அடித்ததுதான். நான்கரை ஆண்டாக டெர்பி ஜெயிக்காமல் இருந்த அணிக்கு அந்த ஒரு வெட்டு போதுமானதாக இருந்தது.)

விளைவு என்ன? 2022 டூரண்ட் கோப்பையில் 7 கோல், அந்தப் போட்டியில் அதிகம் அடித்தவர் அவர்தான். 2022-23 ஐஎஸ்எல்லில் 10 கோல், 6 அசிஸ்ட் (மற்றவர் கோலுக்குக் கொடுத்த பந்து), சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து. மும்பை அந்த லீக்கில் தொடர்ந்து 18 ஆட்டம் தோற்காமல் ஆடி, 46 புள்ளியோடு, லீக் சுற்றில் முதலிடம் பிடிப்பவருக்கான ஷீல்டை எடுத்தது. 20 ஆட்டத்தில் 54 கோல். சென்னையின் 17ஐயும் இந்த 54ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு விங்கரின் கோல் கணக்கு பாதி அவர் காலிலும் பாதி அவர் அணியிலும் இருக்கிறது. அந்த ஆண்டுக்கான அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. 2023-24க்கும் அவருக்கே. அந்த இரண்டாவது தடவை பெண்கள் பிரிவில் விருது வாங்கியவர் நம் இந்துமதி கதிரேசன் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் தம்பிக்குக் காட்ட வேண்டிய கோல் ஒன்று இருக்கிறது. 2023 ஜூலை 4, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம், தெற்காசியக் கோப்பை இறுதி. குவைத் 14ஆவது நிமிடத்திலேயே முன்னிலை பெற்றுவிட்டது. 38ஆவது நிமிடம். ஆஷிக் குருனியனிடமிருந்து பந்து சுனில் சேத்ரிக்கு. சேத்ரி அதை உள்ளே ஓடும் சஹல் அப்துல் சமதுக்கு நழுவவிடுகிறார். சஹல் கோலுக்குக் குறுக்கே தள்ளுகிறார். அங்கே, யாரும் இல்லாத இடத்தில், சாங்டே. காலை வைத்தால் போதும், கோல். வீடியோவில் எல்லாரும் சேத்ரியையும் சஹலையும்தான் பார்ப்பார்கள், நியாயம்தான், அழகான பாஸ்கள். தம்பியை அதை மறுபடி ஓட்டி, சாங்டேவை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பந்து தன் பக்கமே இல்லாதபோது ஓட ஆரம்பித்திருக்கிறார். பந்து வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. வராமல் போகும் ஓட்டங்கள் ஒரு ஆட்டத்தில் இருபது இருக்கும், அவற்றை யாரும் எண்ண மாட்டார்கள். அன்று இந்தியா 1-1க்குப் பிறகு பெனால்ட்டியில் 5-4 என்று கோப்பை வென்றது. அந்தச் சமன் கோல் இல்லாவிட்டால் கோல்கீப்பர் குர்பிரீத் பெனால்ட்டியைத் தடுக்க வாய்ப்பே வந்திருக்காது. அதற்கு இரண்டு வாரம் முன்பு புவனேஸ்வரில் லெபனானுக்கு எதிரான இன்டர்கான்டினென்டல் கோப்பை இறுதியிலும் இவர் ஒரு கோல் அடித்தார், சேத்ரியின் கோலுக்கும் பந்து கொடுத்தார்.

2024 ஏப்ரல், மே மாதங்களை அவர் ஆட்ட வாழ்க்கையின் உச்சம் என்று நான் நினைக்கிறேன். ஏப்ரல் 15 அன்று கொல்கத்தாவில் மோகன் பகானிடம் 1-2 என்று தோற்று மும்பை ஷீல்டை இழந்தது. அந்த ஒரு கோலும் சாங்டே அடித்தது, ஆனால் 89ஆவது நிமிடத்தில், காலம் கடந்து. ஒன்பது நாள் கழித்து கோவாவில் அரையிறுதி. 90 நிமிடம் முடியும்போது கோவா 2-0 முன்னிலை. சாங்டே ஒன்று. அடுத்த நிமிடமே விக்ரம் பிரதாப் சிங் ஒன்று. 90 நிமிடத்துக்குப் பின் நடுவர் சேர்த்த நேரத்தின் ஆறாவது நிமிடத்தில் மறுபடி சாங்டே. 3-2. எத்தனையோ ஐஎஸ்எல் ஆட்டம் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு ஏழு நிமிடத்தைப் பார்த்ததில்லை. கடைசி நிமிடத்தில் பதற்றமில்லாமல் முடிக்கிற இந்த ஆள்தான், மூன்று ஆண்டு முன்பு கீப்பருக்கு நேராக அடிக்கிறார் என்று திட்டு வாங்கியவர். இரண்டாவது ஆட்டத்திலும் கோல் அடித்தார். மே 4 அன்று அதே கொல்கத்தாவில், அதே மோகன் பகானை 3-1 என்று வீழ்த்தி மும்பை கோப்பையை எடுத்தது. அதற்கடுத்த சீசனில் மும்பை அவரையே கேப்டன் ஆக்கியது.

தேசிய அணிக் கதை இவ்வளவு இனிப்பாக இல்லை. 2024 ஜூன் 6 அன்று சேத்ரி விடைபெற்றார். ஐந்து நாள் கழித்து தோஹாவில் கத்தாருக்கு எதிராக உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. 37ஆவது நிமிடத்தில் சாங்டே கோல் அடித்தார், இந்தியா 1-0. ஆசியச் சாம்பியனை அவர்கள் ஊரிலேயே. 73ஆவது நிமிடத்தில் பந்து கோட்டுக்கு வெளியே போன பிறகு உள்ளே இழுத்து அடித்ததை நடுவர் கோல் என்று கொடுத்தார். அப்புறம் இன்னொன்று. 1-2. மூன்றாவது சுற்றுக் கனவு அங்கேயே முடிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. 2025 அக்டோபர் 14 அன்று மட்கானில் சிங்கப்பூருக்கு எதிரான ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டத்திலும் இதே மாதிரி: சாங்டே 14ஆவது நிமிடத்தில் தூரத்திலிருந்து அடித்து முன்னிலை கொடுத்தார், இந்தியா 1-2 என்று தோற்றது. கிளப்பில் அவரைச் சுற்றி இருந்த ஏற்பாடு தேசிய அணியில் இல்லை. அதாவது, சென்னையின் 2020-21 நிலைமைதான் இந்திய அணியின் சட்டையில் திரும்ப வருகிறது.

இப்போது உங்கள் தம்பிக்கு. அவனுக்கு வேகம் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எந்தக் கால் அவனுக்கு வலுவான கால் என்று பாருங்கள். பயிற்சியாளர் சம்மதித்தால் சில ஆட்டங்களில் எதிர் ஓரத்தில் ஆடிப் பார்க்கட்டும். கோல் அடிக்கும் பயிற்சியை நின்ற இடத்திலிருந்து செய்ய வேண்டாம். நடுக்கோட்டிலிருந்து முழு வேகத்தில் ஓடிவந்து, பாக்ஸுக்குள் நுழைந்ததும் இரண்டு எட்டு சின்னதாக வைத்து, அப்புறம் அடிக்கட்டும். அந்த இரண்டு சின்ன எட்டில்தான் ஊன்றும் கால் சரியான இடத்துக்கு வரும். பத்துத் தடவை இப்படி, மூச்சு வாங்கும்போதே. பிறகு பந்தை மறு ஓரத்தில் இருக்கும் நண்பனிடம் கொடுத்துவிட்டு, இவன் பந்தே இல்லாமல் தூரக் கம்பத்துக்கு ஓடட்டும். முதல் வாரம் நண்பன் அனுப்பும் கிராஸ் பாதிக்கு மேல் வந்து சேராது. ஓட்டத்தை நிறுத்த வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.